ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பொருளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர்கள், நர்ஸ்கள், வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்பவர்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்து சேர்ந்த அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். இவர்களைத் தடுக்கி விழ வைப்பவை நீளமான சொற்கள் அல்ல. கெட், டேக், ரன், ஆஃப் மாதிரி மூன்று நான்கு எழுத்துச் சொற்கள்தான். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தானே? ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இப்படி?

தமிழிலும் இப்படித்தான். தாய்மொழி என்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் படிக்கிறோம். மாடிப்படி ஏறுகிறோம். ஒரு படி அரிசி அளக்கிறோம். மேசையில் தூசி படிகிறது. பேரம் படிகிறது. சொன்னபடி நடக்கிறோம். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி வருகிறது. பழைய ஓலைச் சுவடியைப் பார்த்துப் படி எடுக்கிறார்கள். தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் இத்தனையையும் பார்த்தால் என்ன பாடுபடுவார்? 'கெட்' முன்னால் நாம் படும் பாடு அதேதான்.

நம் முன்னோர் இதற்கு 'பலபொருள் ஒருசொல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். திவாகர நிகண்டு என்ற பழைய அகராதி நூலில் இப்படிப்பட்ட சொற்களுக்கென்றே ஒரு தனித் தொகுதி இருக்கிறது.

எந்த மொழியிலும் அன்றாடம் புழங்கும் சொல்லின் மேல்தான் சுமை ஏறும். புதிய பொருள் ஒன்று வந்தால் மக்கள் புதுச் சொல்லைத் தேடி அலைய மாட்டார்கள், கைக்கருகில் இருக்கும் பழைய சொல்லையே எடுத்து நீட்டிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் கூடுதலாக இன்னொன்றும் நடந்தது. வடக்கே இருந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் சொற்கள் கலந்தன. 'கெட்', 'டேக்' இரண்டுமே அவர்களிடமிருந்து வந்தவைதான். 1066இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. எங்கெங்கிருந்தோ வந்த சொற்கள் சில, போகப்போக ஒரே எழுத்தும் ஒரே ஒலியும் கொண்டவையாக மாறிவிட்டன.

எந்த ஆங்கிலச் சொல்லுக்கு மிக அதிகப் பொருள்?

ரொம்ப காலம் 'செட்' என்ற சொல்தான் முன்னால் நின்றது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள் வரை கொடுத்திருந்தார்கள். பிறகு அகராதியைத் திருத்தும் வேலை நடந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அகராதிக்காரர்கள் நூலைப் பிரிப்பதுபோலப் பிரித்து எண்ணுவார்கள். அன்றாடப் பேச்சுக்கு அதில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் தாராளம்.

ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கேள்விக்குத்தான். இதற்கான வழியைத் தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. கிளவியாக்கம் என்ற இயலில் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும் இடத்தில், அதன் பொருளை மூன்றால் அறியலாம் என்கிறது: வினை, இனம், சார்பு. அந்தச் சொல்லோடு வரும் வினை என்ன, கூட நிற்கும் சொற்கள் எந்த இனம், எந்தச் சூழலில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறது.

உரையாசிரியர்கள் காட்டும் சொல் 'மா'. மா பூத்தது என்றால் மாமரம். பூத்தது என்ற வினை அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம்தான், பக்கத்தில் மருதமரம் நிற்கிறதே. கவசம் அணிந்து போருக்கு நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால் குதிரை.

இதை அப்படியே ஆங்கிலத்துக்குப் பொருத்தலாம். 'மேட்ச்' என்ற சொல்லைப் பாருங்கள். தீக்குச்சி, விளையாட்டுப் போட்டி, பொருத்தம் என்று மூன்று பொருள். 'ஹீ லிட் எ மேட்ச்' என்றால் கொளுத்தினான் என்ற வினை இருக்கிறது, ஆகவே தீக்குச்சி. 'வீ வன் தி மேட்ச்' என்றால் வென்றோம் என்ற வினை, ஆகவே போட்டி. 'மேட்சஸ் அண்ட் கேண்டில்ஸ்' என்று மெழுகுவத்தி பக்கத்தில் நின்றால் இனம் சொல்லிவிடும். 'டூ யூ ஹேவ் எ மேட்ச்?' என்று மட்டும் கேட்டால்? மின்சாரம் போன இரவில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் தீக்குச்சி. சனிக்கிழமை காலையில் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பும் பையனிடம் கேட்டால் ஆட்டம். வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, சார்பு மட்டும்தான் மாறியது.

ஆகவே தெரியாத பொருளில் ஒரு சொல் வந்தால் அந்தச் சொல்லையே முறைத்துப் பார்க்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு சொற்களைப் பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இதைத்தான் செய்யப்போகிறோம்.

'கெட்' என்றால் என்னதான் பொருள்?

முன்பு இல்லாத ஒன்றோ ஒரு நிலையோ வந்து சேர்வது. இதை மனதில் வைத்துக்கொண்டு, 'கெட்' பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

பின்னால் ஒரு பொருள் வந்தால் கிடைத்தல், வாங்குதல். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்குக் கடிதம் வந்தது. 'காட்' என்பது 'கெட்'டின் இறந்த காலம். பின்னால் இடம் வந்தால் போய்ச் சேர்தல். 'வீ காட் ஹோம் அட் நைன்', ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பின்னால் ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் ஆதல். 'இட் இஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. 'ஷீ காட் ஆங்க்ரி', அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் எனக்குப் புரியவில்லை. விளக்கம் மூளைக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயன்பாட்டைப் பலர் கவனிப்பதில்லை. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து நானே வெட்டிக்கொண்டேன். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால் சலூனுக்குப் போய் வெட்டிக்கொண்டேன். தமிழில் இரண்டுக்கும் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஆளை வைத்துச் செய்துகொண்டால் அந்தக் 'காட்' வந்தாக வேண்டும். தையல், செருப்பு, செல்போன் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

பஸ்ஸுக்கு 'கெட் ஆன்', காருக்கு 'கெட் இன்' என்கிறார்களே, ஏன்?

உள்ளே நிற்கலாம், நடக்கலாம் என்றால் 'ஆன்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் அப்படி. மேலே உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள், பைக், குதிரைக்கும் 'ஆன்'தான். குனிந்து நுழைந்து உட்கார மட்டும் முடிகிற கார், ஆட்டோவுக்கு 'இன்'. இறங்கும்போது முன்னவற்றுக்கு 'கெட் ஆஃப்', பின்னவற்றுக்கு 'கெட் அவுட் ஆஃப்'.

மூக்கு 'ரன்' ஆகும், கடை 'ரன்' ஆகும் என்றால் எப்படி?

இதில் நமக்கு அதிர்ஷ்டம். 'ரன்'னுக்கும் 'ஓடு'வுக்கும் நிறையப் பொருத்தம். தமிழில் மனிதன் மட்டுமா ஓடுகிறான்? வண்டி ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறது, தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது, யோசனை ஓடுகிறது. 'தி ஃபேன் இஸ் ரன்னிங்' என்றால் ஃபேன் ஓடுகிறது. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்தாத இடங்களை மட்டும் தனியாகப் பழகினால் போதும். 'ஷீ ரன்ஸ் எ ஷாப்' என்றால் கடை நடத்துகிறாள். இங்கே நாம் ஓட்டுவதில்லை, நடத்துகிறோம். 'மை நோஸ் இஸ் ரன்னிங்', மூக்கு ஒழுகுகிறது. புதுச் சேலையைத் துவைத்த தண்ணீர் சிவப்பாக வந்தால் 'தி கலர் ரேன்', சாயம் போய்விட்டது. 'வீ ரேன் அவுட் ஆஃப் கேஸ்', கேஸ் தீர்ந்துவிட்டது. 'ஐ ரேன் இன்டு மை டீச்சர்' என்றால் டீச்சர் மேல் மோதவில்லை, வழியில் எதிர்பாராமல் பார்த்தேன். ஆனால் டீச்சருக்குப் பதில் 'எ ட்ரீ' என்று வந்தால் நிச்சயம் மோதல்தான். இனத்தைப் பாருங்கள் என்பது இதற்குத்தான்.

கூடவே ஒன்று. நாம் தினமும் சொல்லும் 'கரன்ட்' என்ற சொல்லின் அடியிலும் ஓட்டம்தான் இருக்கிறது. ஓடுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆற்றின் கரன்ட் நீரோட்டம். கம்பியில் போகும் கரன்ட் மின்னோட்டம். 'கரன்ட் அஃபேர்ஸ்' என்றால் இப்போது நடந்துகொண்டிருக்கும் விஷயங்கள், நடப்பு நிகழ்வுகள். பேங்கில் 'கரன்ட் அக்கவுண்ட்' என்பதற்கு நடப்புக் கணக்கு என்று நம்மவர்கள் மிகச் சரியாகவே பெயர் வைத்தார்கள்.

அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் நின்றதா, அடித்ததா?

அடித்தது. இந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியாது. என்னிடம் படித்த நர்ஸ் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கேட்டு எழுதும் பயிற்சியில் 'தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்' என்று வந்தது. ஐந்து மணிக்கு அலாரம் நின்றுவிட்டது என்று எழுதினார். விடையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "சார், லைட் ஆஃப்னா அணைஞ்சிருக்கு, ஃபேன் ஆஃப்னா நின்னிருக்கு, அலாரம் மட்டும் எப்படி சார்? நாளைக்கு ஐசியூல மானிட்டர் அலாரம் ஆஃப் ஆச்சுன்னு யாராவது சொன்னா நான் சும்மா உட்கார்ந்திருப்பேனே" என்றார். அவருடைய தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

'ஆஃப்' என்றால் ஒன்றை விட்டு விலகுதல். எது எதை விட்டு விலகுகிறது என்பதுதான் கேள்வி. லைட் 'ஆஃப்' ஆனால் மின்சாரத்தின் தொடர்பு விலகுகிறது, அணைகிறது. விமானம் 'டேக் ஆஃப்' ஆனால் தரையை விட்டு விலகுகிறது. 'டே ஆஃப்' என்றால் வேலையை விட்டு விலகிய நாள், விடுமுறை. அலாரம், துப்பாக்கி, வெடி எல்லாம் 'கோ ஆஃப்' ஆகும்போது உள்ளே பிடித்துவைத்திருந்த ஒன்று விடுபடுகிறது. அதனால் அடிக்கிறது, சுடுகிறது, வெடிக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் 'தி மில்க் வென்ட் ஆஃப்' என்றால் பால் கெட்டுப்போய்விட்டது.

நம் 'விடு' இதே வேலையைத்தான் செய்கிறது. மழை விட்டது என்றால் நின்றது. பள்ளிக்கூடம் விட்டது என்றால் முடிந்தது. ஆனால் ராக்கெட் விட்டார்கள் என்றால் கிளம்பிப் பறந்தது. ஒரே 'விடு' ஓர் இடத்தில் நிற்க வைக்கிறது, இன்னோர் இடத்தில் கிளப்பிவிடுகிறது. இதைச் சொன்னதும் அந்த நர்ஸ் முகம் தெளிந்தார். அதன் பிறகு 'ஆஃப்' அவரை ஏமாற்றவில்லை.

சரி, நிறுத்தியதை எப்படிச் சொல்வது? 'ஐ டர்ன்ட் ஆஃப் தி அலாரம்'. 'டர்ன்' வந்தால் கை போய் நிறுத்துகிறது, 'கோ' வந்தால் அது தானாக அடிக்கிறது. வினைதான் வழிகாட்டி.

'ஹேவ்' என்றால் 'வைத்திருத்தல்' என்றுதானே படித்தோம்? 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பதில் எதை வைத்திருக்கிறேன்?

எதையும் வைத்திருக்கவில்லை. அங்கே 'ஹேவ்' துணைவினை. 'சாப்பிட்டிருக்கிறேன்' என்று சொல்கிறீர்களே, அதில் வரும் 'இரு' எங்கேயாவது உட்கார்ந்திருக்கிறதா? 'வந்துவிட்டான்' என்பதில் எதையாவது விட்டானா? துணைவினை தன் சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு முன்னால் இருக்கும் வினைக்கு உதவி செய்கிறது. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பதை 'சாப்பிட்டிருக்கிறேன்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள், 'ஹேவ்' இருக்கும் இடத்தில் 'இரு' இருக்கிறது.

தனியாக வந்தால் உடைமை: 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்', எனக்கு இரண்டு சகோதரிகள். உணவோடு வந்தால் சாப்பிடுதல்: 'ஹேவ் லஞ்ச்'. பின்னால் 'டு' வந்தால் கட்டாயம்: 'ஐ ஹேவ் டு கோ', நான் போக வேண்டும்.

மாத்திரை 'ஈட்' பண்ணுகிறோமா, 'டேக்' பண்ணுகிறோமா?

'டேக்'. தமிழில் மாத்திரை போடுகிறோம், மருந்து குடிக்கிறோம், சிலர் மாத்திரை சாப்பிடுகிறோம் என்பார்கள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'டேக்' ஒன்றே போதும். போட்டோ எடுப்பது, பஸ்ஸில் போவது, நேரம் பிடிப்பது, நாற்காலியில் அமர்வது, குளிப்பது எல்லாவற்றுக்கும் 'டேக்' வரும். தேர்வுக்கும் அதுதான்: 'ஐ டுக் தி எக்ஸாம்'. நம் ஊரில் 'ஐ ரோட் தி எக்ஸாம்' என்பது தேர்வு எழுதினேன் என்ற தமிழிலிருந்து நேராக வந்தது. இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் கேள்வித்தாளையே நீங்கள் தயாரித்தீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

'ரைட்' என்றால் வலதா, சரியா, உரிமையா?

மூன்றும்தான், இது ஒரே சொல்லின் வளர்ச்சி. பழைய ஆங்கிலத்தில் இதற்கு நேரானது, முறையானது என்று பொருள். நேரானது சரியானது ஆயிற்று. நமக்கும் 'நேர்' என்பதிலிருந்துதானே 'நேர்மை' வந்தது? முறைப்படி ஒருவருக்குச் சேர வேண்டியது உரிமை ஆயிற்று. பெரும்பாலானோர் வேலை செய்யும் கை முறையான கை என்று கருதப்பட்டதால் வலது என்ற பொருளும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பு பழைய ஆங்கிலத்தில் வலக்கைக்கு இருந்த சொல்லின் பொருள் 'அதிக வலிமையுள்ளது' என்பது. தமிழில் வல் என்றால் வலிமை, அதிலிருந்து வலது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கையைப் பார்த்து ஒரேமாதிரி யோசித்திருக்கிறார்கள். இதை முதலில் படித்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நம் பஸ் கண்டக்டர்கள் விசிலோடு சொல்லும் 'ரைட், ரைட்' இன்னொரு பொருள். வண்டி கிளம்பலாம் என்று டிரைவருக்குச் சொல்லும் அந்த 'ரைட்'டுக்கு வலதோடும் உரிமையோடும் சம்பந்தமில்லை. 'எல்லாம் சரி, போகலாம்' என்பதன் சுருக்கம்.

டீ வேண்டுமா என்று கேட்டால் 'ஐ ஆம் ஃபைன்' என்கிறார்களே?

வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். ஊற்றிவிடாதீர்கள். உடல்நிலை கேட்டால் 'ஃபைன்' நலம். மாவைப் பற்றிச் சொன்னால் நைசானது. டிராஃபிக் போலீஸ் சொன்னால் அபராதம். அபராதத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை எனக்குப் பிடித்தது: முடிவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பணத்தைக் கட்டி வழக்கை முடித்துவைப்பது 'ஃபைன்'.

பேங்கிலும் பத்திரத்திலும் வரும் சொற்கள் பயமுறுத்துகின்றன. எவற்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்?

நான்கைச் சொல்கிறேன். 'இன்ட்ரஸ்ட்' பேங்கில் வட்டி, பேச்சில் ஆர்வம், ஒப்பந்தங்களில் ஒருவருக்கு இருக்கும் பங்கு அல்லது நலன். 'சார்ஜ்' என்றால் கட்டணம், போனுக்கு ஏற்றுவது, போலீஸ் பதிவு செய்யும் குற்றச்சாட்டு, 'இன் சார்ஜ்' என்று வந்தால் பொறுப்பில் இருப்பவர். 'பேலன்ஸ்' கணக்கில் மீதி, தராசில் சமநிலை.

நான்காவது 'இஷ்யூ'. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். அலுவலகத்தில் 'இஷ்யூ' என்றால் பிரச்சினை. பத்திரிகைக்கு முன்னால் வந்தால் இதழ். பாஸ்போர்ட்டில் 'டேட் ஆஃப் இஷ்யூ' என்றால் வழங்கிய தேதி. பழைய பத்திரத்தில் ஒருவர் 'டைட் வித்தவுட் இஷ்யூ' என்று எழுதியிருந்தால், பிரச்சினை இல்லாமல் இறந்தார் என்று பொருளல்ல, பிள்ளைகள் இல்லாமல் இறந்தார். சட்ட மொழியில் 'இஷ்யூ' என்றால் சந்ததி. தன் தாத்தாவின் பத்திரத்தை வகுப்புக்கு எடுத்துவந்த ஒருவர் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சொத்தில் தகராறே இல்லை என்று நம்பியிருந்தார். பத்திரத்தில் சந்தேகம் வந்தால் அகராதியோடு நின்றுவிடாமல் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

ஒரே சொல்லுக்கு எதிரெதிரான பொருளும் உண்டாமே?

உண்டு. 'சாங்ஷன்' அதில் முக்கியமானது. லோன் சாங்ஷன் ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நாட்டின் மேல் 'சாங்ஷன்ஸ்' என்று செய்தியில் வந்தால் தடை. 'லெஃப்ட்'டும் அப்படி: 'ஹீ லெஃப்ட்' என்றால் போய்விட்டார், 'ஒன் இட்லி இஸ் லெஃப்ட்' என்றால் ஓர் இட்லி மீதி இருக்கிறது. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது இங்கேயும் பிரிட்டனிலும் அவையில் முன்வைப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது.

நாமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'வரேன்' என்றுதானே சொல்கிறோம்.

இங்கே நாம் பேசும் ஆங்கிலம் வெளியூரில் வேறு பொருள் தருமா?

சில சொற்களில் தரும். 'ஐ பாஸ்ட் அவுட் லாஸ்ட் இயர்' என்றால் இங்கே போன வருடம் படிப்பை முடித்தேன். லண்டனில் சொன்னால் மயங்கி விழுந்தேன். நேர்முகத் தேர்வில் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிப் பழகுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்பது இங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்ற பொருள். அங்கே நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பதுபோலக் கேட்கும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' பத்திரமானது. நம் ஊர் 'ஹோட்டல்' சாப்பிடும் இடம், அவர்களுக்குத் தங்கும் இடம்.

எழுத்து ஒன்றாக இருந்தும் உச்சரிப்பு மாறும் சொற்கள் எவை?

தமிழில் எழுதினால் பளிச்சென்று தெரியும். கண்ணீர் 'டியர்', கிழிப்பது 'டேர்'. காற்று 'விண்ட்', சுற்றுவது 'வைண்ட்'. நிமிடம் 'மினிட்', மிகச் சிறியது 'மைன்யூட்'. வழிநடத்துவது 'லீட்', ஈயம் 'லெட்'. ஆங்கில எழுத்தில் இந்த ஒவ்வொரு ஜோடியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆற்றங்கரை 'பேங்க்', பணம் போடும் 'பேங்க்' இரண்டும் ஒரே சொல்லா?

வெவ்வேறு வழியில் ஆங்கிலத்துக்குள் வந்தவை. பணத்துக்கான சொல் இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே பணம் மாற்றுபவர்கள் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பலகையின் பெயர் அது. ரொம்பப் பின்னால் போனால் இரண்டுக்கும் ஒரே வேர் உண்டு. மேலே பார்த்த 'மேட்ச்' இன்னும் தெளிவானது: தீக்குச்சி பிரெஞ்சிலிருந்து வந்த திரியின் பெயர், போட்டியும் பொருத்தமும் பழைய ஆங்கிலத்தில் இணை என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தவை. தமிழில் நதியும் ஆறு, எண்ணும் ஆறு என்பதுபோல.

அகராதியை எப்படிப் பார்ப்பது? எல்லாப் பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பில் 1960களில் கொண்டுவந்த ஆங்கிலம் - தமிழ் அகராதி நல்ல களஞ்சியம், கலைச்சொற்களுக்கு நானே இன்றும் அதைப் புரட்டுகிறேன். ஆனால் இப்போதுதான் கற்பவருக்குப் பொருள்களின் வரிசை மட்டும் போதாது, வாக்கியம் வேண்டும். எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள, கற்பவர்களுக்கான அகராதியை வாங்குங்கள். போனில் மொழிபெயர்ப்பு பார்த்தாலும் ஒற்றைச் சொல்லைப் போடாதீர்கள், முழு வாக்கியத்தைப் போடுங்கள். இனமும் சார்பும் கருவிக்கும் தேவை.

என் மாணவர்கள் ஒரு நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். புதிய பொருளில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்றைக்கு, கேட்ட வாக்கியத்தையும் கேட்ட இடத்தையும் எழுதுகிறார்கள். ஜவுளிக் கடையில் இருக்கும் ஒரு பெண்ணின் 'ரன்' பக்கத்தில் முதல் வரி 'வில் திஸ் கலர் ரன்?'. வெளிநாட்டுப் பயணி ஒருவர் சுங்குடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. அந்தப் பெண் இனி அதை மறக்கவே மாட்டார்.

ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் 'வெல்' என்கிறார்களே, அது நன்றாக என்று பொருளா, கிணறா?

இரண்டும் இல்லை. பதில் சொல்லும் முன் யோசிக்க ஒரு நொடி எடுத்துக்கொள்கிறார்கள். "ஏன் லேட்?" என்று கேட்டால் நாம் "அது வந்து..." என்று இழுக்கிறோமே, அந்த 'வந்து'தான் இந்த 'வெல்'.